ஈயச் சுவருக்குள் கேட்க

மூன்று சதவீதம். கால் மணி நேரமாக அதே மூன்று சதவீதம். திரையில் பச்சைக்கோடு சுண்டுவிரல் நகத்தளவு நீண்டுவிட்டு நின்றுபோயிருந்தது. சென்னியப்பன் கம்ப்யூட்டர் முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒயரை இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. அந்தக் கோடியில் வசந்தாமணியின் போன் கவிழ்ந்து கிடந்தது. மணி பத்து. ஒன்றரைக்கு ஆட்டோ. இரண்டரைக்குள் ஆஸ்பத்திரியில் இருக்கவேண்டும். நாலு மணிக்கு அவளுக்குக் கதிர்வீச்சு மருந்தைக் கொடுத்து அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினால் மூன்று நாள் கழித்துத்தான் திறப்பார்கள். அறைச் சுவருக்குள் ஈயத்தகடு. டவர் கிடைக்காது. யாரும் உள்ளே போகக்கூடாது. சோறு கதவோரம் வைக்கப்படும். மருந்து உடம்புக்குள் போனதும் அவளே ஒரு விளக்கு மாதிரி ஆகிவிடுவாளாம், வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாதாம், ஆனால் பக்கத்தில் நிற்கக்கூடாதாம். சிஸ்டர் நேற்று போனில் இதையெல்லாம் ரேஷன் கடையில் சாமான் பட்டியல் சொல்வது போலச் சொன்னாள். "போன் கொண்டு வரலாம் சார். ஆனா உள்ள நெட்டு எடுக்காது. பாட்டு கீட்டு ஏதாச்சும் போன்லயே ஏத்திக் குடுத்து வுடுங்க, அம்மாவுக்குப் பொழுது போகணுமில்ல. போனுக்குக் கவர் நாங்களே போட்டுக் குடுப்போம். வரும்போது மீட்டர் வெச்சுப் பாப்போம். கத்துச்சுன்னா இங்கயே ரெண்டு மூணு மாசம் கெடக்கும், அப்பறமா வந்து வாங்கிக்கலாம்." எது கத்தினால் என்று இவர் கேட்டார். "மீட்டர் சார்" என்றாள் சிஸ்டர். அவளுக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். வேறு எதற்கோ சிரித்திருக்கலாம்.

பச்சைக்கோடு சிவப்பானது. போதுமான இடம் இல்லை. இதை முதலிலேயே சொல்லித் தொலைத்தால் என்ன. நாற்பது ஜிபி பாட்டு, நாலாயிரத்துப் பதினாறு உருப்படி, போனில் மிச்சம் இரண்டே ஜிபி. மற்ற இடத்தையெல்லாம் காலை வணக்கப் பூக்களும் உறம்பரை வீட்டுக் கல்யாணப் படங்களும் அடைத்துக்கொண்டிருந்தன. இரண்டு ஜிபிக்கு இருநூறு பாட்டு. பாட்டுக்கு நாலு நிமிஷம் என்றாலும் பதிமூன்று மணி நேரம்தான். மூன்று நாளைக்கு எழுபத்திரண்டு மணி நேரம். தூங்குகிற நேரத்தைக் கழிக்கலாம். தூங்குவாளா. பதினைந்து நாளாகத் தைராய்டு மாத்திரையை நிறுத்தியதில் பகலெல்லாம் தூங்கி வழிகிறாள், ராத்திரி முழிச்சுக் கிடக்கிறாள். கோயமுத்தூர் மே மாத வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சமையல்கட்டில் நிற்கிறாள். குரல் தடித்துப்போய் வேறு யாரோ பேசுகிற மாதிரி வருகிறது. அயோடின் சேராத உப்பு, பால் தயிர் கிடையாது, முட்டை கிடையாது. இவருக்கும் அதே சோறுதான். இவருக்கென்று தனியாக ஆக்கட்டுமா என்று முதல்நாள் கேட்டாள். "இன்னொரு சட்டி கழுவ யாரு இருக்கறாங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டார். பதினைந்து நாளும் சாப்பிட்டார். நாக்கு செத்துவிட்டது. நல்ல வகை என்று டாக்டர் சொன்னார். கழுத்தில் கட்டியை எடுத்து, தையல் பிரித்து, ரிசல்ட் வந்த அன்றைக்கு, காகிதத்தைத் திருப்பி வைத்துவிட்டு, "கேன்சர்லயே இது நல்ல வகைங்க" என்றார். நல்ல வகை. வெண்டைக்காயில் நல்ல வகை உண்டு, மாம்பழத்தில் உண்டு.

யார் இருநூறைப் பொறுக்குவது. சென்னியப்பன் மேசை இழுப்பறையைத் திறந்து நோட்டை எடுத்தார். ஒன்று முதல் இருநூற்று முப்பத்தெட்டு வரை கேசட். ஒவ்வொன்றுக்கும் ஏ பக்கம், பி பக்கம், பக்கத்துக்கு எட்டோ ஒன்பதோ பாட்டு. ரிடையர் ஆனபிறகு நாலு வருஷம் உட்கார்ந்து டேப்ரிக்கார்டரிலிருந்து ஒயர் போட்டு அத்தனையையும் கம்ப்யூட்டருக்குள் இறக்கினார். கேசட்டையெல்லாம் மூட்டை கட்டிப் பழைய சாமான்காரனுக்குப் போட்டாயிற்று. உள்ளே பாட்டுக்குப் பெயர் கிடையாது. 114-ஏ-3. 61-பி-7. பெயர் நோட்டில் மட்டும்தான். அதுதான் ஒழுங்கு. சப்ஸ்டேஷனில் முப்பத்து நாலு வருஷம் இருந்தவர் வேறு எப்படி வைப்பார். அங்கே எந்த லைனுக்கும் பெயர் சொல்லக்கூடாது, நம்பர்தான். இந்தச் சட்டம் இவரே தனக்குப் போட்டுக்கொண்டது. வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருஷம், இருபத்தொன்பது வயசு, போனில் லைன்மேன் மாரப்பன் கேட்டான், "புதூரு ஆஃப் பண்ணியாச்சுங்களா?" இவர் போய் சுவிட்சை இழுத்துவிட்டு வந்து "ஆச்சு" என்றார். புதூருக்கு ஆச்சுதான். வடக்கே ஒரு புதூர், தெற்கே ஒரு புதூர். மாரப்பன் கம்பம் ஏறியது தெற்கே. ஆள் பிழைத்தான். இடது கை முழங்கையோடு போயிற்று. விசாரணையில் இரண்டு பேர் மேலும் தப்பு என்று எழுதினார்கள், பாதிப் பாதி, கையை மட்டும் அவன் முழுசாகக் கொடுத்தான். அதற்குப் பிறகு சென்னியப்பன் வாயில் ஊர்ப்பேர் வந்ததில்லை. பதினொண்ணு ஆஃப், பதினாலு ஆன். வீட்டுச் சாவிக்கு நம்பர், மாத்திரை டப்பாவுக்கு நம்பர், போனில் வசந்தாமணி ஒன்று, மகள் சுகன்யா இரண்டு. மாரப்பனை நாலைந்து வருஷத்துக்கு முன்னால் துடியலூர் சந்தையில் பார்த்தார். ஒரு கையாலேயே தக்காளியைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்தான். பையை மற்றக் கையின் மிச்சத்தில் மாட்டியிருந்தான். வேகமாகத்தான் பொறுக்கினான். இவர் கீரைக்காரி பக்கம் திரும்பிக்கொண்டார். கீரை வாங்கவில்லை.

"ஏ வசந்தா." எழுந்து போய்ச் சமையல்கட்டு நிலைப்படியில் நின்றார். அவள் பழைய நைட்டிகளைத் தரையில் பரப்பி மடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே போட்ட துணி வெளியே வராது என்று சிஸ்டர் சொல்லியிருந்ததால், வீசியெறிய மனசு வருகிற மாதிரி நைட்டிகளாக மூன்றைப் பொறுக்க அவளுக்கு இரண்டு நாள் ஆகியிருந்தது. "உனக்கு என்ன பாட்டு வேணும்?" என்றார். "என்ன பாட்டுங்க?" "போன்ல போட்டுத் தரத்தான். உள்ள கேக்கறதுக்கு." "எதாச்சு போட்டு வுடுங்க." "எதாச்சுன்னா?" "எதாச்சுன்னா எதாச்சுத்தானுங்க. நீங்க போடறதத்தான கேட்டுட்டிருக்கறேன் இத்தன வருசமா. இன்னிக்கென்ன புதுசா கேள்வி." அவள் நைட்டியின் கிழிந்த கையைப் பார்த்து, இது பரவாயில்லை என்று தலையாட்டி, பையில் வைத்தாள். சென்னியப்பனுக்கு வேறு ஏதோ கேட்க இருந்த மாதிரி இருந்தது. வந்து உட்கார்ந்தார்.

முப்பத்தெட்டு வருஷம். இவளுக்கு என்ன பாட்டுப் பிடிக்கும். இதென்ன பெரிய கேள்வி, இரண்டு நிமிஷம் யோசித்தால் தெரிந்துவிடும் என்று கண்ணை மூடினார். பாட்டும் அவளுமாக ஒரு காட்சி வரவேண்டும். வரவில்லை. வந்ததெல்லாம் ஒரே ஒரு வார்த்தை. மெதுவா வையுங்க. பாட்டு போட்டுக்கொண்டு சவரம் செய்வார், உள்ளிருந்து, மெதுவா வையுங்க. சுகன்யா தொட்டிலில் கிடந்தபோது, மெதுவா வையுங்க. அவள் பரீட்சைக்குப் படித்தபோது, மெதுவா வையுங்க. ஒரு தரம்கூட, சத்தமா வையுங்க என்றோ, அதையே இன்னொரு தரம் போடுங்க என்றோ சொன்னதில்லை. சொன்னாளோ. சொன்னது இவர் காதில் விழவில்லையோ. பாட்டு ஓடும்போது பக்கத்தில் உட்கார்ந்தாளா என்றால் அதுவும் இல்லை. அவள் நடந்துகொண்டே இருந்தாள். பாட்டு ஓடும், குறுக்கே அவள் போவாள், கையில் ஏதாவது இருக்கும், வாளியோ முறமோ, மறுபடி குறுக்கே போவாள். இவர் கண்ணில் பாட்டு என்றால் முன்னால் பாட்டு, பின்னால் ஒரு சேலை போய்க்கொண்டிருக்கும். அந்தச் சேலை எந்தப் பாட்டுக்காவது நடையைக் குறைத்ததா. யோசித்துப் பார்த்தால் ஒரு தரம் குறைத்த மாதிரி இருக்கிறது, நாதஸ்வரமோ என்னவோ, வாசல் பக்கம், மழை. இல்லை, அது மழைக்காக நின்றது. கொடியில் துணி கிடந்தது. நல்ல வகை. பத்து வருஷம், இருபது வருஷம்கூட இருக்கலாம் என்றார் டாக்டர். அப்புறம் ஏன் ஈயச் சுவர், அப்புறம் ஏன் கதவோரம் சோறு. நல்ல வகைக்கே இப்படி என்றால். மாரப்பன் கம்பத்தில் தொங்கினபோது வயர் எரிகிற நாற்றம்தான் அடித்தது என்று கீழே நின்றவர்கள் சொன்னார்கள். அந்த நாற்றம் இவர் மூக்கில் பட்டதில்லை, பத்து மைல் தள்ளி சுவிட்சுக்குப் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஆனால் இப்போதும் அடிக்கடி வருகிறது. இப்போது வந்தது. கம்ப்யூட்டர் பின்னால் குனிந்து மோந்து பார்த்தார். தூசி நாற்றம்.

போன் அடித்தது. இரண்டு என்று காட்டியது. ஓசூரிலிருந்து சுகன்யா. "கெளம்பியாச்சாப்பா?" "ஒன்றரைக்கு." "பாட்டு ஏத்தியாச்சா?" "ஏத்தறேன். எடமில்ல." "அந்தப் பூப் படத்தையெல்லாம் அழிச்சு வுடுங்கப்பா." "அவளுதை நான் எதுக்கு அழிக்கறது." "செரி, அம்மாவுக்கு என்ன வேணும்னு கேட்டீங்களா?" "கேட்டேன். எதாச்சும்ங்கறா." "அப்பா, எல்லாம் நம்பராத்தான இருக்கும்? அம்மா அந்த நம்பரை வெச்சுட்டு உள்ள என்ன பண்ணும்? நோட்டையும் கொண்டுபோக முடியாது, கொண்டுபோனா திரும்பி வராது. பேரு போடுங்கப்பா." "பேரு போட்டா கொழப்பம்." "யாருக்குக் கொழப்பம்? இதென்ன உங்க கரண்ட் ஆபீசா? அம்மா பாட்டு கேக்கறதுல யாருக்காச்சும் ஷாக் அடிக்கப் போகுதா?" "அடிக்காது." "அப்பப் போடுங்க." அவள் சொன்னது சரிதான். மகள் சரியாகச் சொல்லும்போது இவருக்குக் கோபம் வரும். போனை வைத்துவிட்டு விசைப்பலகையை முன்னால் இழுத்தார்.

ஒரு விரலில்தான் தட்ட வரும். நோட்டைப் பார், எழுத்தைத் தேடு, தட்டு. பொம்பளைக்குப் பக்திப்பாட்டுதான் என்று முதலில் முருகன் பாட்டு நாற்பது. பிறகு அம்மன் பாட்டு முப்பது. மார்கழியில் கோயிலில் போடுவது கொஞ்சம். பிறகு கல்யாணமான புதிதில் வந்த சினிமாப் பாட்டு, அந்தக் காலத்துப் பெண்களுக்கு அதெல்லாம் பிடிக்கும் என்று பத்திரிகையில் எப்போதோ படித்தது. பெயர் போடப் போட ஒவ்வொரு பாட்டும் கண் முன்னால் பல்லிளித்துக்கொண்டு நின்றது. நம்பர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். பெயர் அப்படியல்ல. உன் என்று ஆரம்பிக்கிற பாட்டு மட்டும் பதினேழு. என் என்று ஆரம்பிப்பது இருபத்து மூன்று. எது எந்தப் படம், எது ஆண் பாடியது, எது அதே பாட்டைப் பெண் பாடியது. அதே பெயரில் இரண்டு வந்தபோது விரல் நின்றது. இரண்டு புதூர். இதில் எவன் கை போகப் போகிறது, ஒருவன் கையும் போகாது, மகள் சொன்னாள் அல்லவா. இருந்தாலும் ஒன்றை நீக்கினார். பதினொன்றரை. பன்னிரண்டு. உள்ளே துவரம்பருப்பு விசில் நாலு அடித்தது. தோள்பட்டை கடுத்தது. நூற்று எண்பத்தாறில் போதும் என்று நிறுத்திவிட்டு அனுப்பினார். இந்தத் தடவை பச்சைக்கோடு நிற்காமல் ஓடிற்று. எண்பது, தொண்ணூறு, நூறு. வேலையை முடித்த ஆளாகப் போனைப் பிடுங்கிக்கொண்டு போய் அவளிடம் நீட்டினார். பெருமையாக இருந்ததா என்றால் கொஞ்சம் இருந்தது.

வசந்தாமணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். கீழே போனாள், மேலே வந்தாள், மறுபடி கீழே போனாள். "இதென்னங்க இது?" "பாட்டு." "அது தெரியுது. நூத்திப் பதினாலு எங்க?" சென்னியப்பனுக்கு விளங்கவில்லை. "என்னது?" "நூத்திப் பதினாலுங்க. ஏ பக்கம். அப்பறம் அந்த எழுவத்தி ரெண்டு. எதையுங் காணமே, என்னென்னமோ பேரா இருக்குது." "அதுக்குத்தான் பேரு போட்டிருக்கறேன், நீ தேடறதுக்கு வசதியா." "பேரு எனக்கெங்க தெரியும்? உங்க நோட்ட நான் தொட்டிருக்கறனா? வசந்தா, நூத்திப் பதினாலு எடும்பீங்க, எடுத்துட்டு வருவேன். வசந்தா, இத வெச்சுட்டு முப்பத்தி ஒம்பது கொண்டாம்பீங்க, வெச்சுட்டுக் கொண்டாருவேன். முப்பது வருசமா கேசட்டுச் சொமந்தது ஆருங்க, நீங்களா? எனக்கு நம்பரச் சொன்னாத்தான் பாட்டு ஓடும்." அவள் போனைத் திருப்பிக் கொடுத்தாள். "இத்தன முருகன் பாட்ட வெச்சுட்டு நான் உள்ள என்ன காவடியா எடுக்கறது?"

சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவளுக்குத்தான் வந்தது, தடித்த குரலில், பாதியில் இருமலாக மாறிற்று. சென்னியப்பன் நோட்டை எடுத்து வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, "சொல்லு" என்றார். அவள் குக்கர் மூடியைத் திறந்துகொண்டே சொன்னாள். யோசிக்கவே இல்லை. "நூத்திப் பதினாலு ஏ. எழுவத்தி ரெண்டு ரெண்டு பக்கமும். ஒம்பது பி, ஆனா மொதப் பாட்டு வேண்டாம், அவன் கத்துவான். அம்பத்தாறு. நூத்தி எண்பதுல நடுவுல ஒரு தவுலு வரும், அது. இருபத்தி மூணு ஏ." இவர் எழுதினார். எழுதிக்கொண்டே பக்கத்துப் பெயர்களைப் பார்த்தார். எழுபத்திரண்டு முழுக்க நாதஸ்வரம். ஐம்பத்தாறு ஏதோ ஊர்த் திருவிழாவில் யாரோ பதிவு செய்து கொடுத்த உறுமி. இருபத்து மூன்றில் பாட்டே கிடையாது, வெறும் வயலின். சினிமாப் பாட்டு மூன்றோ நாலோதான். இவையெல்லாம் இவர் அதிகம் போடாதவை. போட்டபோது அவள் குறுக்கே போயிருக்கிறாள், வாளியோடு. போகிற போக்கில் எழுபத்திரண்டு, எழுபத்திரண்டு என்று எண்ணிக்கொண்டு போயிருக்கிறாள். மெதுவா வையுங்க என்று இதற்கு ஒருநாளும் சொன்னதில்லையோ. இருக்கலாம். சொல்லாத நாளை யார் நினைவு வைத்திருப்பார்கள். "அவ்வளவுதானா?" என்றார். அவள் பருப்பை மத்தால் மசித்தாள். "இன்னொண்ணு இருக்குதுங்க. இருநூத்தி மூணு. பி."

நோட்டில் இருநூற்று மூன்று பி என்ற இடத்தில் சிவப்பு மையில் ஒரே வார்த்தை. இரைச்சல். "அது பழுதுடி. ஒண்ணுமில்ல அதுல." "இருக்குதுங்க." "இரைச்சல்னு எழுதியிருக்கறேன்." "நீங்க கேட்டீங்களா?" கேட்கவில்லை. டேப்பிலிருந்து இறக்கும்போது சத்தத்தை வைக்கமாட்டார், டேப்ரிக்கார்டர் மீட்டரில் முள் ஆடுகிறதா என்று மட்டும் பார்ப்பார். இதில் முள் கீழேயே கிடந்து துடித்தது. பாட்டுக்கு அப்படித் துடிக்காது. இரைச்சல் என்று எழுதிவிட்டு, வெட்டாமல் கொள்ளாமல் முழுப்பக்கமாக அப்படியே போட்டுவைத்தார். "என்ன அது?" என்றார். அவள் மத்தைக் கழுவினாள். "நாம் பேசி வெச்சதுங்க." "நீயா?" "நானேதான். ஒரு நா நீங்க டூட்டிக்குப் போயிட்டீங்க. பாப்பா பள்ளிக்கூடத்துல. ஆருகிட்டப் பேசறது? அந்தப் பொட்டி கெடந்துச்சு, அதுல செவப்பு பட்டன அமுத்திட்டுப் பேசுனேன்." "என்ன பேசுன?" "அதான் மறந்துபோச்சே. அப்ப என்னமோ மனசு செரியில்லீங்க. இனி மூணு நாளு சும்மாதான உக்கோந்திருக்கப் போறேன், கேட்டுப் பாக்கலாம்னு." ரசத்துக்குப் புளி கரைக்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். "எந்த வருசம்?" "வருசமெல்லாம் ஆருக்குத் தெரியும். நீங்க என்கூடப் பேசாம இருந்தீங்களே ஒரு நாலு மாசம், அப்ப." பிறகு, சோற்றை வைக்காமலே துண்டை எடுத்துக்கொண்டு, "தண்ணி வாத்துட்டு வந்தர்றேன், வந்து சாப்படலாம்" என்றாள். குளியலறைக் கதவு வரை போய்த் திரும்பினாள். "நீங்க கேக்க வேண்டாம். அது எனக்கு."

நாலு மாசம். எந்த நாலு மாசம். சென்னியப்பன் கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்தார். முதலில் வேலை. போனில் ஏற்றியதை அழித்து, பெயர்களையெல்லாம் துடைத்துவிட்டுப் பழையபடி நம்பர் போட்டு, அவள் சொன்னதை மட்டும் தனியாக அடுக்கி அனுப்பினார். அறுபது பாட்டு. கோடு ஓடிக்கொண்டிருந்தது. பேசாமல் இருந்தது எப்போது. சுகன்யா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள் என்றால் பத்து வருஷ இடைவெளியில் எப்போது வேண்டுமானாலும் இருக்கலாம். எதற்காகப் பேசாமல் இருந்தோம். அவள் தம்பி விஷயமா. இவர் அம்மா செத்தபோதா. பேசாமல் இருந்த நினைவே இல்லை, பொதுவாகவே பேச்சு குறைவு, அதில் எந்த நாலு மாசத்தை அவள் தனியாக வெட்டி எடுத்தாள். அப்படியானால் மற்ற மாசங்களைப் பேசின மாசம் என்றா வைத்திருக்கிறாள். கோடு முடிந்தது. இருநூற்று மூன்று பி தனியாகத் திரையில் நின்றது. முப்பத்தோரு நிமிஷம் எட்டு விநாடி. ஹெட்போன் ஆணியில் தொங்கியது. குளியலறையில் தண்ணீர் விழுந்தது. ஒரு சொம்பு. இன்னொரு சொம்பு. அவள் இப்போதெல்லாம் மெதுவாகத்தான் குளிக்கிறாள், கை தூக்கினால் வலிக்கிறது, கால் மணி நேரம் ஆகும். கால் மணி நேரத்தில் பாதி கேட்கலாம். ஒரு நிமிஷம் போதும். இல்லை, ஒரு நிமிஷத்தில் என்ன தெரியும். கெட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா, அங்கே போய் ஓடாவிட்டால் அவள் யாரைக் கேட்பாள். சோதிக்காமல் லைன் கொடுத்ததுண்டா. ஹெட்போனை எடுத்தார். அந்தக் காலத்துக் குரலாக இருக்கும், தடிக்காத குரல், அதை மறந்தே போய்விட்டது, எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்த்தால் மெதுவா வையுங்க மட்டும் இப்போதைய குரலில் கேட்கிறது. யாரோடு வாழ்ந்தேன் என்று சொல்லியிருப்பாளோ. யாரோடு வாழ்கிறேன் என்று. மாரப்பன் ஒருநாளும் வந்து கேட்டதில்லை, ஏனுங்க அப்படிப் பண்ணினீங்க என்று. கேட்டிருந்தால் பதில் இருந்தது, இரண்டு புதூர் இருந்தது என்று. இவளுக்கு என்ன பதில் இருக்கிறது, அவள் கேள்வியே என்னவென்று தெரியாமல். சொம்பு தரையில் உருண்டது. அவள் என்னமோ முனகினாள். எழுந்து கதவுவரை போய், "என்ன?" என்றார். "ஒண்ணுமில்லீங்க, சொம்பு வழுக்கிடுச்சு." திரும்பி வந்தார். ஹெட்போன் கையிலேயே இருந்தது. ஆணியில் மாட்டினார்.

போனுக்குள் ஒரு நகல் போட்டார், மற்றப் பாட்டோடு சேராமல் தனியாக. அளவைச் சரிபார்த்தார், கடைசி எண் வரை ஒன்றுதான். அது போதாது. போனில் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்து, பூஜ்யம் என்று இரண்டு தரம் பார்த்துவிட்டு, ஓடவிட்டார். ஒரு விநாடி. இரண்டு. மூன்று. எண் மாறிக்கொண்டே வந்தது. நடுவில் விரலை வைத்தார், அங்கேயும் ஓடியது. கடைசிக்குப் போனார், முப்பத்தொன்று ஆறு, ஏழு, எட்டு, நின்றது. நல்ல நிலையில் இருக்கிறது. அவள் பேசுகிறாள், இவருக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான். இனி கம்ப்யூட்டரில் ஒன்று. அலமாரியில் இருக்கும் ஹார்டு டிஸ்கில் இன்னொன்று. எதிலும் இரண்டு நகல் வைப்பது இவர் பழக்கம். ஒன்றை வைத்துக்கொண்டு தூங்குகிறவன் முட்டாள் என்று சுகன்யாவிடம் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். அவள் உள்ளே இருக்கப்போவது மூன்று நாள். வீட்டில் இவர் ஒரு ஆள், மிஷின் ஒன்று, ஹெட்போன் ஒன்று. தன்னை அவருக்குத் தெரியும். முதல் நாள் தாங்கும். இரண்டாம் நாள் மத்தியானம் சோதித்துப் பார்க்கிறேன் என்று ஏதாவது சாக்கு வரும். போன் அங்கேயே மாட்டிக்கொண்டால், மீட்டர் கத்தினால், தொலைந்தால், அவள் பேசினது உலகத்தில் எங்கேயும் இருக்காது. இருக்காதுதான். யார் பேசினதோ அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். கம்ப்யூட்டரில் அழித்தார். நிச்சயமாகவா என்று கேட்டது. குப்பைக்கூடையிலும் அழித்தார். ஹார்டு டிஸ்கை எடுத்து வந்து சொருகி, தேடி, அதிலும் அழித்தார். மூன்று தடவை கேட்டது, மூன்று தடவையும் ஆமாம் என்றார். நோட்டில் இரைச்சல் என்ற சிவப்பு எழுத்தை அடித்துவிட்டு அதன்மேல் ஏதாவது எழுதலாம் என்று பேனாவைத் திறந்தார். ஒன்றும் தோன்றவில்லை. மூடினார்.

அவள் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தாள். கழுத்துத் தழும்பில் தண்ணீர் நின்றது. "ஆச்சுங்களா?" "ஆச்சு." "அதுவும் போட்டாச்சா?" "போட்டாச்சு." "கேட்டீங்களா?" "இல்ல." அவள் இவர் முகத்தைப் பார்த்தாள். நம்பினாளா இல்லையா என்று தெரியவில்லை, அவள் முகம் பதினைந்து நாளாகவே உப்பிப்போய்க் கிடந்தது. இவர் ஒயரைப் பிடுங்கிச் சுற்றிப் பையில் வைத்தார். போனை நீட்டினார். "கடைசில தனியா இருக்கும் பாரு," என்றார், "சத்தம் பூஜ்யத்துல கெடக்குது. நீதான் ஏத்திக்கணும்."